கல்லில் கறுப்பு, காலண்டரில் வெளுப்பு

சாரல் காலத்தில் அச்சன்புதூரில் ஓர் ஓவியப் போட்டி. நடுவராக இருக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். தலைப்பு ‘என் அம்மா’. தாளைக் கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வரிசைக்கு வரிசை ஒரே தேடல் தொடங்கிவிட்டது. “ஸ்கின் கலர் யார்ட்ட இருக்கு?” “ஏ, ஸ்கின் கலர் குடு, அடிச்சிட்டு உடனே தந்திருதேன்.”

வண்ணப் பெட்டியில் ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் நடுவில் கிடக்குமே ஒரு வெளிர் நிறக் குச்சி, அதைத்தான் கேட்டார்கள். பீச் என்பது அதன் பெயர். பிள்ளைகள் வாயில் அது என்றைக்கும் ஸ்கின் கலர்தான். அந்தக் கூடத்தில் அந்த நிறத்தில் ஒருவர்கூட இல்லை, நானும் இல்லை. மேக்கரை அடவிநயினார் அணைத் தண்ணீர் பாயும் ஊர் அது. கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் வயலில் குனிந்து நிமிரும் தாய்மார்களின் பிள்ளைகள் பாதிப் பேர். மூன்றாவது வரிசையில் ஓர் ஐந்தாம் வகுப்புச் சிறுமி நடவு நடும் அம்மாவை வரைந்திருந்தாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருக்கும் விதம், தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றியிருக்கும் விதம், பிடித்திருக்கும் நாற்றுமுடி என எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் போட்ட கோடுகள். அத்தனை சரியாகப் பார்த்தவள், முகத்துக்கு மட்டும் பக்கத்துப் பையனிடம் அந்தக் குச்சியைக் கடன் வாங்கி நிறம் அடித்தாள். வெயிலில் நிற்கிற அம்மாவுக்கு வெயிலே படாத முகம்.

அவளை நான் திருத்தவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. அவள் கையில் அந்தக் குச்சியைக் கொடுத்தது பக்கத்துப் பையன் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் நூறு வருடத்துக் கதை இருக்கிறது. அந்தக் கதை பெரும்பாலும் நம் சுற்றுவட்டாரத்திலேயே நடந்தது.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குள் போய் அந்தத் தூண்களைப் பாருங்கள். வீரபத்திரர், தாண்டவம், ரதி, மன்மதன் எல்லாம் கருங்கல். நூற்றாண்டுகளாகக் கை பட்டும் எண்ணெய் பட்டும் கறுத்து, விளக்கு வெளிச்சத்தில் தோள்பட்டை ஓரம் மட்டும் மினுங்கும். கருவறைக்குள் சாமியும் கறுப்பு. மலைக்கு அந்தப் பக்கம் அச்சன்கோவிலில் ஐயனுக்குக் காவலாக நிற்பவர் பெயரே கருப்பன். மார்கழித் திருவிழாவில் அங்கே கருப்பன் துள்ளல் பார்க்க இந்தப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போன தலைமுறைகள் உண்டு. கறுப்பு நமக்குக் கேவலமாக இருந்ததில்லை. மழை மேகத்துக்குக் கார் என்று பெயர், அந்த மழையில் விளையும் நெல்லுக்கும் கார் என்றே பெயர். கோவில்பட்டிச் சீமையின் மண் கரிசல், விடிவதற்கு முன்னால் வயலுக்குப் புறப்படும் நேரம் கருக்கல். உயிர் வளர்க்கிற எல்லாவற்றுக்கும் கறுப்பில் பெயர் வைத்த மொழி இது.

அப்புறம் எப்போது சாமி வெளுத்தார்? காகிதத்துக்கு வந்தபோது. கிளிமானூர் ரவிவர்மா 1894-இல் மும்பைப் பக்கம் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் எண்ணெய் அச்சுப் படங்களாக ஊரெங்கும் அனுப்பினார். கோயிலுக்குள் விடப்படாதவர் வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் ஏறியது. அது சிறிய காரியம் இல்லை, அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், அந்தத் தேவியர் வந்த நிறம் வேறு. அவருக்குப் பின்னால் நம் ஊர்ப்பக்கமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. மயிலாப்பூரில் 1898-இல் பிறந்த கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராக வந்தவர். கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய மீனாட்சி கல்யாணமும் கஜேந்திர மோட்சமும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களாகி நாடெங்கும் போயின. அவர் கையில் இருந்த பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுதிய மீனாட்சியின் முகத்துக்கு முன்னால் இன்றும் என் கை தானாகக் குவியும். ஆனாலும், கரிசல் மண்ணில் உட்கார்ந்துகொண்டு எழுதிய தெய்வங்களுக்குப் பெரும்பாலும் ரோஜாவும் சந்தனமும் கலந்த மேனிதான் வாய்த்தது. தவிர்க்க முடியாத இடத்தில் கிருஷ்ணனும் ராமனும் நீலமானார்கள். கல்லில் கறுப்பாக இருந்தவர்களுக்குக் காகிதத்தில் கறுப்பாக இருக்க இடம் கிடைக்கவில்லை.

2017 டிசம்பரில் சென்னையில் நரேஷ் நில் என்ற ஒளிப்படக் கலைஞரும், பரத்வாஜ் சுந்தர் என்ற விளம்பரப் படக்காரரும் சேர்ந்து, கறுத்த மேனியுடைய ஆண்களையும் பெண்களையும் தெய்வ வேடத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் துர்க்கையும் முருகனும் நம் வீட்டு முகங்களோடு வந்தார்கள். ஏழே படங்கள், உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால், பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு குறை தட்டுப்பட்டது. ‘கறுப்பும் அழகுதான்’ என்று நிரூபிப்பதோடு அந்த வரிசை நின்றுவிட்டது. அழகு என்று யாரிடம் நாம் சான்றிதழ் கேட்கிறோம்? கறுத்தவர்கள் படத்தில் இல்லாமல் போனது அழகு பற்றிய கருத்து வேறுபாட்டால் மட்டும் இல்லை. அவர்கள் வாசலில் நிறுத்தப்பட்டார்கள், பதிவேட்டில் பெயரில்லாமல் எழுதப்பட்டார்கள். அங்கிருந்து தொடங்குகிற கலைதான் என்னை அதிகம் தொடுகிறது.

என் ஆச்சியின் பெயர் கருப்பாயி. அந்தப் பெயரை இப்போது யாரும் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை. அவள் வாழ்நாளில் அவளைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படம் ஒன்றில் ஓரத்தில், யாரோ நகரச் சொன்னதுபோல் பாதி உடம்போடு நிற்கிறாள். அவள் இறந்த அன்று அந்தப் பாதி முகத்தைத்தான் ஒரு பிளெக்ஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணீர் அஞ்சலித் தட்டி மாலைக்குள் வந்துவிட்டது. “கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிருக்கேன்” என்றார் கடைக்காரர். தெருமுனையில் கட்டியபோது என் அம்மா கீழே நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று கேட்டாள். கன்னத்துச் சுருக்கம் போயிருந்தது, நிறம் போயிருந்தது, காதின் தண்டட்டித் துளைகூடப் போயிருந்தது. இறந்துபோன மனுஷியை இரண்டாம் தடவையும் பறிகொடுத்தோம்.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒளிப்படத் தொழில்நுட்பமே அப்படித்தான் பிறந்தது. கோடாக் கம்பெனியின் வண்ணப் பிலிமைக் கழுவும் கூடங்களுக்கு, நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டை போகும். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். பல ஆண்டுகள் அந்தப் பெண் வெள்ளைக்காரிதான். அவள் முகம் சரியாக வந்தால் பிலிம் சரி. அந்தப் பிலிமில் கறுப்பு முகம் வெறும் இருட்டாக விழுந்து, பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்ததைக் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மரச்சாமான் விற்றவர்களும் சாக்லேட் விற்றவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் செய்த பிறகுதான் கம்பெனி அக்கறையாக மாற்றம் செய்தது. மனிதர்களுக்காக இல்லை, மேசைக்காக.

வண்ணப் பிலிம் வருவதற்கு முன்பே கேமரா நம்மைத் தேடி வந்திருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1885-இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தார். தென்னாட்டு மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளவுகோலால் அளந்தார், படம் பிடித்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி அவர் வெளியிட்ட நூல் இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் கையில் புரள்கிறது. நம் பாபநாசம் மலைக் காணிக்காரர்களும் அதில் உண்டு. ஆனால், படங்களுக்குக் கீழே பெரும்பாலும் குலத்தின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. முகத்தைக் கொடுத்தவரால் பெயரைக் கொடுக்க முடியவில்லை. அளவெடுத்தவருக்கு அது தேவைப்படவில்லை.

குற்றாலத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரிய வேண்டும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குறவஞ்சியில் பாதிக்கு மேல் ஆட்சி செய்பவள் சிங்கி என்ற குறத்தி. அவளைப் பாடித்தான் இந்த மலைக்குத் தமிழில் இத்தனை பெயர். ஆனால், 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தபோது, பட்டியலில் ஏறியவர்களில் குறவர்களும் இருந்தார்கள். பாட்டில் சிங்கி, போலீஸ் பதிவேட்டில் பரம்பரைக் குற்றவாளி. இந்த இரண்டையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்க்க நம்மிடம் இன்னும் ஓர் ஓவியர் வரவில்லை என்பது எனக்குத் தீராத ஏக்கம்.

அந்தச் சுவரும் குற்றாலத்தில்தான் இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையில் ஆடல்வல்லான் சிலையாக இல்லை, சித்திரமாகவே எழுந்தருளியிருக்கிறார். செம்புத் தகடு வேய்ந்த கூரைக்குக் கீழே, நான்கு புறச் சுவரிலும் மூலிகை வண்ணத்தில் எழுதிய காட்சிகள். தமிழ்நாட்டிலேயே ஓவியத்துக்கென்று ஓர் ஆலயம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லத்தக்கதுதான். ஆனால், கோயில் நுழைவு மதராஸ் மாகாணத்தில் 1939-இல்தான் சட்டமாகத் தொடங்கி 1947 சட்டம் வரை இழுத்தது. அதுவரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் வயலில் உழைத்த பாதி ஜனத்துக்குக் கோயில் வாசலோடு சரி. செங்கோட்டைப் பக்கம் மட்டும் கொஞ்சம் முந்தியது. அப்போது அது திருவிதாங்கூரில் இருந்ததால், 1936 நவம்பர் 12 அன்று மன்னர் செய்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் அங்கே முதலில் வந்து சேர்ந்தது. சில மைல் இடைவெளியில் ஒரே மனிதனுக்கு ஓர் ஊர்க் கோயிலில் அனுமதி, அடுத்த ஊர்க் கோயிலில் தடை. சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, திருவிதாங்கூர்ப் பிரகடனத்தையும் சிற்பமாக்கியிருக்கிறார். நம் பக்கத்துத் தடையை யாரும் எதிலும் வடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சஜன் மணி என்ற கலைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வடகேரளத்தில், கண்ணூர்ப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில், ரப்பர் பால் வெட்டும் தலித் குடும்பத்தில் 1982-இல் பிறந்தவர். இப்போது பெர்லினில் இருக்கிறார். 2021-இல் பெர்லின் கலைப் பரிசைப் பெற்றார், அதைப் பெற்ற முதல் இந்தியர். தன் உடம்பை அவர் ‘கறுப்புத் தலித் உடம்பு’ என்று சொல்லிக்கொள்கிறார். அந்த உடம்புதான் அவருக்குத் தூரிகை, தாள் எல்லாம். மணிக்கணக்கில் சுவரோடு சுவராக நின்று, எம்பி, மடங்கி மலையாள எழுத்துகளை எழுதிக்கொண்டே போவார். எழுதுபவை பெரும்பாலும் பொய்கையில் அப்பச்சனின் பாடல்கள். 1879-இல் பிறந்து 1939-இல் மறைந்த அப்பச்சன், அடிமைப்பட்ட தன் மக்களுக்காகப் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவியவர். நாட்டின் சரித்திரத்தில் தன் இனத்தைப் பற்றி எழுத்தே இல்லை என்ற துயரம் அவர் பாட்டில் திரும்பத் திரும்ப வரும். எழுத்து மறுக்கப்பட்டவரின் பேரன் தலைமுறை, ஐரோப்பாவின் வெள்ளைச் சுவரில் அந்த எழுத்தையே உருவமாக மாற்றுகிறது. மொழி தெரியாத பார்வையாளருக்கு அது கோடுகளின் காடு. தெரிந்தவருக்கு அது பாட்டு.

அவருடைய வேலைகளில் என்னை உலுக்கியது வேறொன்று. பெர்லின் மானுடவியல் அருங்காட்சியகத்தில், ஜெர்மானியர்கள் ஒரு காலத்தில் தென்னாட்டில் எடுத்துக்கொண்டு போன படங்கள் இருக்கின்றன. தர்ஸ்டனின் படங்களைப் போலவே பெயரற்ற கறுப்பு மனிதர்கள். சஜன் மணி அந்த முகங்களை எடுத்து ரப்பர் ஷீட்டுகளில் அச்சிட்டார். தன் முன்னோரைத் தட்டி எழுப்புவதாக அந்த வரிசைக்குப் பெயர் வைத்தார்.

ரப்பர் ஷீட் என்றால் என்னவென்று செங்கோட்டைப் பக்கத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. செங்கோட்டையில் புனலூர் ரயிலைப் பிடித்தால், ஆரியங்காவுக் குகை தாண்டியதும் இரண்டு பக்கமும் மரங்களில் சிரட்டை தொங்கும். கருக்கலில் பால்வெட்டுக்காரர் மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு கீறல் போடுவார். ஆழம் ஒரு நூல் கூடினால் மரம் நோகும், குறைந்தால் பால் வராது. சிரட்டையில் சேர்ந்த பாலை வடிகட்டி, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் விட்டு அழுத்தி, கொடியில் காயப்போட்டு, புகைப்புரையில் ஏற்றுவார்கள். வெளுப்பாக உள்ளே போவது தேன் நிறமாகி, பழுப்பாகி வெளியே வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தோலைப் போலவே இருக்கும், தொட்டால் தோலைப் போலவே ஒட்டும். அந்த வாசனை சட்டையை விட்டு இரண்டு நாள் போகாது. எங்கள் தெருவிலிருந்து தென்மலைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய் வந்தவர்கள் மேல் அந்த வாசனையை நான் சிறுவயதில் அறிந்திருக்கிறேன். சஜன் மணியின் படைப்புகளை நான் அச்சிலும் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும், முன்னோரின் முகத்தை ரப்பரில் பதித்தார் என்று படித்த கணத்தில் எனக்கு அந்த வாசனை வந்தது. அப்பா உழைத்த பொருளிலேயே தாத்தனின் முகம். காகிதம் வெளுக்க வைத்த முகத்துக்கு, உழைப்பின் தோலையே திரும்பப் போர்த்தியிருக்கிறார்.

ரப்பருக்கும் கறுப்பு மனிதர்களுக்கும் உள்ள உறவு நம் மலையோடு நிற்பதில்லை. பிரேசில் காட்டு விதைகளை 1876-இல் ஹென்றி விக்காம் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இலங்கைக்கு வந்து, 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் இந்தியாவின் முதல் வணிகத் தோட்டமானது. அதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் காங்கோவில், பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் ஆட்கள், சொன்ன எடைக்கு ரப்பர் கொண்டுவராத ஊர்களில் மனிதர்களின் கையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் டயருக்கும் மோட்டார் டயருக்குமான அந்தப் பசிக்கு இரண்டு கண்டத்துக் கறுத்த உடம்புகள் வேலை செய்தன. ‘கறுப்பு’ என்ற சொல்லைச் சஜன் மணி அமெரிக்காவிலிருந்து கடன் வாங்கினார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சொல் அவர் வீட்டுப் பின்கட்டிலேயே இருந்தது.

அதே சமயம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இங்கே நிறமும் சாதியும் ஒன்றில்லை. கறுத்த மேல்சாதிக்காரரும் வெளுத்த தலித்தும் எல்லா ஊரிலும் உண்டு. நம்மில் யாரையும் தோலை வைத்துத் தெருப் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் தோல் போதும், இங்கே தெருவின் பெயர் வேண்டும். இருந்தும், ஒருவரைத் தாழ்த்த நினைக்கும் வாய், சாதிப் பெயருக்கு அடுத்தபடியாகத் தேடுகிற சொல் கறுப்புதான். அந்த இரண்டு வசவும் சேர்ந்து விழுந்த இடத்தில் நின்றுகொண்டுதான் ஒரு கலைஞர் ‘கறுப்புத் தலித் உடம்பு’ என்கிறார். இந்த உறவைப் பார்த்தவர்கள் முன்பும் இருந்தார்கள். ஜோதிராவ் பூலே 1873-இல் ‘குலாம்கிரி’யை அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குச் சமர்ப்பித்தார். அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். மும்பையில் 1972-இல் எழுந்த இளைஞர்கள் அமெரிக்காவின் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தங்களைத் தலித் சிறுத்தைகள் என்று அழைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் பெரியாரின் தொண்டர்கள் 1940-களிலேயே கறுப்புச் சட்டையை இழிவின் அடையாளமாகவும் போராட்டத்தின் அடையாளமாகவும் போட்டுக்கொண்டார்கள். சட்டையில் கறுப்பை ஏற்றிய நாடு, சுவர்ப்படத்தில் ஏற்ற இத்தனை காலம் தயங்கியிருக்கிறது.

அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் இந்தத் தயக்கத்தைத்தான் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1955-இல் அலபாமாவில் பிறந்தவர். சிறுவனாக அருங்காட்சியகம் போனால், சுவரில் தன்னைப் போன்ற முகம் அரிது. 1980-இல் ஒரு சிறிய தாளில், கறுப்புப் பின்புலத்தில் கறுப்பு மனிதன் ஒருவனை எழுதினார். கண்ணும் பல்லும் சட்டையின் வெள்ளையும்தான் முதலில் தெரியும். பழைய பிலிம் கறுப்பனைப் பார்த்த விதத்தை அப்படியே எடுத்து நம் முகத்துக்கு நேரே பிடித்தார். ஆனால், அதோடு நின்றிருந்தால் அவர் இன்று பேசப்படமாட்டார். கறுப்பைப் படித்தார். எலும்புக்கரியிலிருந்து வரும் கறுப்பு வேறு, கரிப்புகையிலிருந்து வரும் கறுப்பு வேறு, இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் மார்ஸ் கறுப்பு வேறு. ஒன்றில் நீலம் சேர்த்தார், ஒன்றில் பச்சை, ஒன்றில் ஊதா. பழுப்பாக்கிச் சமாதானம் செய்துகொள்ளாமல், கறுப்புக்குள்ளேயே கன்னம், நெற்றி, நிழல், ஒளி எல்லாம் எழுதினார். முடிதிருத்தும் கடையில், பூங்காவில், குடியிருப்பு வாசலில் சாதாரணமாக வாழும் கறுப்பர்களைப் பழைய ஐரோப்பிய ராஜாக்களுக்குக் கொடுத்த அளவில் பெரிய திரைகளில் நிறுத்தினார். 2016-இல் சிகாகோவில் தொடங்கிய அவருடைய பெரிய கண்காட்சியில் அந்த மனிதர்கள் சுவர் சுவராக நின்றார்கள்.

நம் கையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து வந்த ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார் மீன் விற்ற தாயின் மகன். அவர் மலக்குழிகளில் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் எடுத்த படங்களை 2017-இல் ‘நானும் ஒரு குழந்தை’ என்று சென்னையில் காட்சிக்கு வைத்தார். இறந்த தகப்பனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகத்தில் அவர் எந்த வெளிச்சத்தையும் கூடுதலாக ஏற்றவில்லை. பின்னர் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கையில் கொடுத்துச் சொல்லித்தரவும் தொடங்கினார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன், ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தன் குடும்பத்தைப் படமெடுத்தார். தீண்டாமைக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி நடத்திய பொன்னுத்தாய்ப் பாட்டியின் பேரன் அவர். தர்ஸ்டனின் கேமரா வெளியிலிருந்து வந்தது, இவர்களின் கேமரா அடுப்படியிலிருந்து புறப்படுகிறது. முன்னதில் பெயர் இல்லை. பின்னதில் இருப்பவர்கள் அம்மா, அத்தை, தங்கச்சி.

இவர்களை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம். சஜன் மணியைப் பெர்லின் அழைத்துப் பெட்டகத்தைத் திறந்துவிட்டது. தர்ஸ்டன் உட்கார்ந்திருந்த எழும்பூர் அருங்காட்சியகம் நம்முடையது. அந்தக் காலத்துப் படங்களையும் அளவைக் குறிப்புகளையும் திறந்து, அந்த மக்களின் பேரப்பிள்ளைகளான கலைஞர்களைக் கூப்பிட்டு, ‘இதை நீங்கள் பாருங்கள், பெயர் தெரிந்தால் சொல்லுங்கள், உங்கள் கையால் திரும்ப எழுதுங்கள்’ என்று சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. நெல்லை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் போதும். காணிக்காரர் பிள்ளைகளும் பளியர் பிள்ளைகளும் தம் முன்னோரின் படத்துக்கு முன்னால் நின்று தாங்களே பேசட்டும். குறவஞ்சியையும் குற்றப் பரம்பரைப் பதிவேட்டையும் குற்றாலத்திலேயே சேர்த்து வைத்துக் காட்டட்டும். சீசனுக்கு வரும் லட்சக்கணக்கான ஜனம் அருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டியபடி அதையும் பார்த்துவிட்டுப் போகும்.

பள்ளிக்கூடத்திலும் வேலை இருக்கிறது. 2012-இல் அரசுப் பள்ளிகளில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தபோது, ஓவிய ஆசிரியர்களும் அதில் வந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்றார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறவர், மாங்காயும் கொடியும் வரையச் சொல்லிக்கொடுப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. தன் கையைப் பார்த்து அதன் நிறத்தைக் கலக்கச் சொல்லிக்கொடுக்க நேரம் வேண்டும், சம்பளம் வேண்டும், பழுப்பும் கறுப்பும் தீர்ந்துபோகாத வண்ணப் பெட்டி வேண்டும். சிவப்பழகு முகப்பூச்சுக் கம்பெனிகூட 1975-லிருந்து விற்ற பெயரை 2020-இல் மாற்றிக்கொண்டது. கிரேயான் குச்சியின் பெயரைப் பிள்ளைகள் வாயிலிருந்து மாற்ற ஓர் ஆசிரியர் நினைத்தால் ஒரு பீரியட் போதும்.

போட்டி முடிய அரை மணி நேரம் இருந்தது. நடுவர் என்ற முறையில் நான் யாருக்கும் உதவக்கூடாது. ஆனாலும், அந்த மூன்றாவது வரிசைப் பிள்ளையிடம் போய், “அம்மா மத்தியானம் சாப்பாடு ஊட்டும்போது கை என்ன கலர்ல இருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. கடன் வாங்கிய குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பெட்டியைக் கவிழ்த்தாள். பழுப்புக் குச்சி பாதி உடைந்து கிடந்தது, கறுப்பு புதுசாகவே இருந்தது. ஏற்கெனவே அடித்த வெளிர் நிறத்தின் மேலேயே பழுப்பை அழுத்தித் தேய்த்தாள். அதன் மேல் கறுப்பை லேசாக. மெழுகு மேல் மெழுகு ஏறி, விரல் நுனியால் தேய்க்கத் தேய்க்க அம்மாவின் முகம் மினுங்கத் தொடங்கியது, நனைந்த கல்லைப் போல. நாற்றுமுடி பிடித்த கைக்கு வந்தபோது நிறுத்தினாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், புறங்கைக்கு இது சரியா இருக்கு. உள்ளங்கைக்கு எது அடிக்க?”